“போரடிக்குது” என்று வந்து நிற்கும் பிள்ளைகள்: கேள்வி பதில்

தொடக்கப் பள்ளியில் பாடம் எடுத்து ஓய்வு பெற்றவள் நான். வீட்டில் பிள்ளைகளை என்ன செய்வது என்று கேட்டவர்களுக்கு, தெரிந்ததைச் சொல்கிறேன்.

டீச்சர், மகனுக்கு நாலு வயது. கூடை நிறைய பொம்மை இருந்தும் அரை மணிக்கொரு தடவை “போரடிக்குதும்மா” என்கிறான்.

கூடைதான் சிக்கல். முக்கால்வாசியை எடுத்துப் பரணில் போடுங்கள். அஞ்சாறு மட்டும் கண்ணில் படட்டும். பத்து நாள் கழித்து மாற்றினால் பழசும் புதுசாகிவிடும். சாவி கொடுத்தால் தானே ஆடுகிற பொம்மை முதலில் பரணுக்குப் போகட்டும். அது ஆடும், இவன் வேடிக்கைதான் பார்ப்பான். கட்டை, அட்டைப்பெட்டி, பழைய போர்வை இதெல்லாம் கீழேயே இருக்கட்டும். எட்டுக் குமிழ் கொண்ட ஒரே நிற லெகோ கட்டைகள் ஆறை 91 கோடிக்கும் மேற்பட்ட விதங்களில் இணைக்கலாமாம். ஆறே ஆறு கட்டை!

அப்புறம், “போரடிக்குது” என்றதும் ஓடிப்போய் எதையாவது நீட்டாதீர்கள். கால் மணி நேரம் முனகட்டும். அதற்குப் பிறகு அவனாகவே எதையாவது கண்டுபிடித்துக்கொள்வான்.

ரெண்டு வயதுப் பெண். நான் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறேன். மொபைலைக் கொடுத்தால்தான் மீட்டிங் முடிகிறது. குற்ற உணர்ச்சியாக இருக்கிறது.

குற்ற உணர்ச்சியை விடுங்கள், கணக்கை மட்டும் பாருங்கள். ரெண்டு முதல் நாலு வயது வரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது, குறைந்தால் இன்னும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொன்னது. அந்த நேரத்தை மீட்டிங்குக்கென்றே ஒதுக்கிவையுங்கள், மற்ற நேரத்தில் வேண்டாம். மீட்டிங்குக்கு முன்னால் பத்து நிமிடம் போனைத் தொடாமல் அவளோடு தரையில் உட்காருங்கள். வயிறு நிறைந்த மாதிரி, பிறகு கொஞ்ச நேரம் தனியாக விளையாடுவாள்.

தண்ணீர்த் தொட்டி விளையாட்டு மட்டும் நீங்கள் பக்கத்தில் இருக்கும்போதுதான். சில அங்குலத் தண்ணீர்கூட இந்த வயதுக்கு ஆபத்து.

ஆறு வயது. கூட்டல் என்றாலே அழுகிறான்.

நோட்டை மூடிவிட்டுப் பாம்பு ஏணி விளையாடுங்கள். ஒரு விஷயத்தை மட்டும் கவனியுங்கள். காய் 23-ல் நிற்கிறது, பகடையில் 4 விழுகிறது என்றால் “ஒன்று, ரெண்டு” என்று எண்ணாமல் “24, 25, 26, 27” என்று கட்டத்தின் எண்ணைச் சொல்லி நகர்த்த வேண்டும். கூட்டல் அதிலேயே நடந்துவிடும். அவனிடம் அதைச் சொல்ல வேண்டாம்!

ஒன்பது வயதுப் பெண். அறிவியல் கிட் வாங்கிக் கொடுக்கலாமா?

முதலில் ஒரு நூல், ஒரு சாவி, நொடி காட்டும் கடிகாரம் போதும். நூலில் சாவியைக் கட்டி, நூலைத் தொங்கவிடும் இடத்திலிருந்து சாவியின் நடுப்பகுதி வரை 25 செ.மீ. இருக்கும்படி தொங்கவிட்டு லேசாக ஆட்டச் சொல்லுங்கள். பத்து முறை போய்வர ஏறக்குறைய பத்து நொடி ஆகும். கனமான பூட்டை மாட்டினால்? “வேகமாகும்” என்பாள். ஆகாது, அதே பத்து நொடிதான். சரி, இருபது நொடி ஆக வேண்டுமென்றால் நூல் எவ்வளவு நீளம்? “50” என்பாள். ஆட்டிப் பார்த்தால் 14 நொடிதான் வரும்.

விடையைச் சொல்லிவிடாதீர்கள். என் வகுப்பில் ஒரு சிறுமி இதே இடத்தில் மாட்டிக்கொண்டு, 60, 70, 80 என்று நூலை நீட்டிக்கொண்டே போய், கடைசியில் நாற்காலி மேல் ஏறி நின்று, “டீச்சர், ஒரு மீட்டர்!” என்று கத்தினாள். நேரம் ரெண்டு மடங்காக, நீளம் நாலு மடங்காக வேண்டும். நான் கரும்பலகையில் எழுதியிருந்தால் மறுநாளே மறந்திருப்பாள்.

பிள்ளைகள் ஸ்லைம் (இழுத்து விளையாடும் வழவழப்பான கூழ்) கேட்கிறார்கள். அதில் சேர்க்கும் போராக்ஸ் என்ற ரசாயனம் பயமாக இருக்கிறது.

பயம் நியாயம்தான், தவிர்த்துவிடுங்கள். ரெண்டு பங்கு சோளமாவில் (கார்ன்ஃப்ளார்) ஒரு பங்கு தண்ணீர் கலந்தால் போதும். குத்தினால் கல், விட்டால் கூழ். சிங்க்கில் கொட்டாதீர்கள், குழாய் அடைத்துக்கொள்ளும். என் வீட்டில் அடைத்தது.

எட்டு வயதும் ரெண்டு வயதும் ஒரே அறையில். பெரியவனின் சாமான்களைச் சின்னவள் வாயில் வைக்கிறாள்.

டாய்லெட் பேப்பர் சுற்றிவரும் அட்டைக் குழாய் வழியாக எது விழுகிறதோ, அது அவள் கைக்கு எட்டக் கூடாது. பட்டன் பேட்டரியும் குட்டிக் காந்தமும் அந்த அறையிலேயே வேண்டாம். விழுங்கியிருப்பாளோ என்ற சந்தேகம் வந்தாலே உடனே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

அஞ்சு வயது. தினம் அதே கதைப் புத்தகம். எனக்குத்தான் போரடிக்கிறது!

அவளுக்கு அடுத்த வரி தெரியும், அந்தச் சந்தோஷம்தான். இன்று ஒரு சொல்லை வேண்டுமென்றே மாற்றிப் படியுங்கள். யானைக்குப் பதில் எலி. எழுந்து உட்கார்ந்து சண்டைக்கு வருவாள். “அப்போ நீயே சொல்லு” என்று புத்தகத்தை அவள் கையில் கொடுத்துவிட்டு நீங்கள் சாய்ந்துகொள்ளுங்கள்.