ஹார்வர்டின் பெண் கணிப்பாளர்கள் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அமெரிக்காவின் ஹார்வர்ட் வான்நோக்ககத்தில் கணிப்பாளர்களாக, அதாவது வானியல் பதிவுகளை அளந்து கணக்கிடுபவர்களாக, வேலைபார்த்த பெண்களைப் பற்றிய உங்கள் கட்டுரையை வாசித்தேன். மணிக்கு 25 சென்ட் கூலிக்குச் சொன்னதைச் செய்தவர்களை இன்று அறிவியலாளர்கள் என்று அழைப்பது மிகை அல்லவா?

வாசகர், கோவை

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் ஐயத்தில் பாதி நியாயம் உண்டு. 1877 முதல் 1919 வரை அங்கே இயக்குநராக இருந்த எட்வர்ட் பிக்கரிங் பெண்களைச் சேர்த்துக்கொண்டது பெருந்தன்மையால் மட்டுமல்ல. குறைந்த கூலிக்குப் பொறுமையாக உழைப்பவர்கள் அவருக்குத் தேவைப்பட்டார்கள். கோட்பாடு வகுப்பதை அவர் அவர்களிடம் எதிர்பார்க்கவும் இல்லை.

அந்த வேலையைச் சற்று நெருங்கிப் பாருங்கள். வானத்தின் ஒளிப்படம் கண்ணாடித் தகட்டில் பதிவாகும். விண்மீன்கள் அதில் கரும்புள்ளிகள். ஓர் இரவின் தகட்டிலிருந்து, விண்மீன்கள் வெண்புள்ளிகளாகத் தெரியும் ஒரு நேர்ப்படியை எடுத்து, மற்றோர் இரவின் தகட்டின்மேல் வைத்து உருப்பெருக்கியால் பார்த்தால், ஒளி மாறாத விண்மீனில் கருப்பும் வெள்ளையும் ஒன்றையொன்று மறைத்துவிடும். மாறியதில் மட்டும் விளிம்பு பிதுங்கும். இப்படித் தேடி, மெகல்லன் மேகங்கள் எனப்படும் இரு விண்மீன் திரள்களில் 1,777 மாறொளி விண்மீன்களை (ஒளி கூடிக் குறைபவை) அந்தப் பெண்களில் ஒருவரான ஹென்ரியெட்டா லெவிட் 1908இல் பட்டியலிட்டார். இதை வெறும் உழைப்பு என்றே வைத்துக்கொள்வோம். ஒளி மிகுந்தவற்றின் மாறுகாலம் (ஒருமுறை ஒளி கூடிக் குறைய ஆகும் காலம்) நீளமாக இருப்பது கவனிக்கத்தக்கது என்று அதே கட்டுரையில் ஒரு வரி எழுதினாரே, அது யாரும் கேட்டு எழுதியதல்ல. 1912இல், சிறிய மெகல்லன் மேகத்தின் 25 விண்மீன்களைக் கொண்டு அந்த உறவை நிறுவினார். அவை யாவும் நம்மிடமிருந்து ஏறக்குறைய ஒரே தொலைவில் இருப்பதால், அவற்றின் ஒளி வேறுபாடு உண்மையான வேறுபாடுதான் என்ற தர்க்கமே அதன் உயிர். அறிக்கை பிக்கரிங்கின் பெயரில் வெளிவந்தது. தயாரித்தவர் லெவிட் என்று அதன் முதல் வாக்கியமே சொல்வதையும் நேர்மையாகக் குறிப்பிட வேண்டும். மாறுகாலத்தை அளந்தால் விண்மீனின் உண்மையான ஒளியும், அதிலிருந்து அதன் தொலைவும் தெரிந்துவிடும். ஆந்திரோமீடா விண்மீன் திரள் நம் பால்வெளிக்கு வெளியே உள்ளது என்று வானியலாளர் ஹப்பிள் பின்னர் காட்டியது இந்த அளவுகோலைக் கொண்டுதான்.

‘சொன்னதைச் செய்தவர்கள்’ என்பதற்கு நேர்மாறானவர் அதே வான்நோக்ககத்தின் அந்தோனியா மோரி. விண்மீன்களுக்கு எளிய வகைப்பாடே போதும் என்றிருந்த இடத்தில், சில விண்மீன்களின் நிறமாலைக் கோடுகள் (ஒளியை நிறங்களாகப் பிரித்தால் தெரியும் கோடுகள்) வழக்கத்துக்கு மாறாக மெலிந்தும் கூர்மையாகவும் இருப்பதைக் கண்டு, அவற்றைத் தனிப் பிரிவாக்கி 1897இல் வெளியிட்டார். பிக்கரிங்குக்கு அதில் நம்பிக்கை இல்லை. அந்த விண்மீன்கள் பேரொளி கொண்டவை என்று உணர்ந்த டென்மார்க்கின் வானியலாளர் ஹெர்ட்ஸ்பிரங், இந்தப் பிரிவைப் புறக்கணிப்பது திமிங்கிலத்தையும் மீனையும் ஒரே வகையில் சேர்ப்பதற்கு ஒப்பாகும் என்று பிக்கரிங்குக்கே எழுதினார். மோரியின் பிரிவை 1922இல் சர்வதேச வானியல் சங்கம் ஏற்றுக்கொண்டது.