வாசகர் கேள்வி–பதில்: பாலைவனத்தில் பீறிடும் வெந்நீர்

சிலி நாட்டின் அட்டகாமா பாலைவனத்தில், எல் தாத்தியோ என்னும் வெந்நீரூற்றுத் திடலுக்கு வழிகாட்டியுடன் ஒரு நாள் சென்று வந்ததைச் சென்ற இதழில் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டுச் செட்டிநாட்டு ஊர்களிலிருந்து எழுதியவர்களில் நால்வருக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

என் மகன் சிலியின் காலாமா நகரில் செப்புச் சுரங்கப் பொறியாளராக இருக்கிறான். ஆகஸ்டில் நானும் கணவரும் அங்கே போகிறோம். இறங்கிய மறுநாளே எல் தாத்தியோவுக்கு முன்பதிவு செய்துவிட்டான். எனக்கு வயது 63. ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறேன். போகலாமா?
(வாசகி, கானாடுகாத்தான்)

மருத்துவர் சரி என்றால் போகலாம், ஆச்சி. ஆனால் மறுநாளே வேண்டாம். நான்காவது அல்லது ஐந்தாவது நாளுக்கு மாற்றச் சொல்லுங்கள். காலாமா ஏறத்தாழ 2,260 மீட்டர் உயரத்திலும், சுற்றுலா வேன்கள் புறப்படும் சான் பெத்ரோ ஏறத்தாழ 2,400 மீட்டர் உயரத்திலும் இருக்கின்றன. இரண்டும் நம் ஊட்டியை ஒத்த உயரம் என்பதால் அங்கே உடம்பு பெரும்பாலும் முரண்டு பிடிக்காது. எல் தாத்தியோவோ 4,320 மீட்டர். ஊட்டியின் தலைமேல் இன்னோர் ஊட்டியை ஏற்றி வைத்ததற்குக் கிட்டத்தட்டச் சமம். விடியுமுன் நான்கு, நாலரை மணிக்கு விடுதி வாசலில் ஏற்றிக்கொள்ளும் வேன், இரண்டு மணி நேரத்துக்குள் அந்த உயரத்துக்குக் கொண்டுபோய் நிறுத்திவிடும். அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதைப்போல் ஐந்தில் மூன்று பங்குதான்.

இதை அனுபவித்தவன் என்ற முறையில் சொல்கிறேன். சான் பெத்ரோ சேர்ந்த இரண்டாம் நாளே நான் கிளம்பினேன்; முந்திய இரவு வயிறு முட்டச் சாப்பிட்டிருந்தேன். ஒன்றும் ஆகாது என்றும், குளிருக்குக் கம்பளி தருகிறோம் என்றும் பயண ஏற்பாட்டாளர் சொன்னார். வேனில் ஒரு கம்பளியும் இல்லை. திடலில் இறங்கிப் பத்து நிமிடத்தில் நெற்றிப்பொட்டில் சுத்தியல் வைத்து அடிப்பதுபோல் வலி தொடங்க, மற்றவர்கள் ஊற்று ஊற்றாகப் பார்த்து வர, நான் பனி பூத்த சன்னல் கண்ணாடியைக் கைக்குட்டையால் துடைத்துத் துடைத்து வேனுக்குள்ளிருந்தே பார்த்தேன். இரண்டு நாள் கழித்து மறுபடியும் பணம் கட்டிப் போனபோதுதான் அந்த இடத்தை உருப்படியாகப் பார்க்க முடிந்தது.

உயரத்தால் வரும் தலைவலி, வாந்தியைத் தடுக்க டயமாக்ஸ் மாத்திரையை யாராவது சிபாரிசு செய்தால் நீங்களாக வாங்கி விழுங்காதீர்கள். சில ரத்த அழுத்த மாத்திரைகளைப்போல அதுவும் சிறுநீரை அதிகம் பிரியச் செய்யும் வகையைச் சேர்ந்தது. உங்கள் ரத்த அழுத்த மாத்திரையையும், சல்ஃபா மருந்து ஒவ்வாமை இருந்தால் அதையும் சொல்லி மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். வாந்தியோ நடையில் தள்ளாட்டமோ கண்டால் உடனே கீழே இறங்குவது ஒன்றே மருந்து. அங்கே கோக்கா இலைத் தேநீரைச் சாதாரணமாகத் தருவார்கள். அந்த இலையை மட்டும் நினைவுப் பொருளாகக்கூட ஊருக்குக் கொண்டு வராதீர்கள், நம் நாட்டில் அது போதைப்பொருள் சட்டத்துக்குள் வருகிறது. ஆகஸ்ட் அவர்களுக்குக் குளிர்காலம். விடியலில் சுழியத்துக்குக் கீழே 10 டிகிரிக்கும் அதிகமாக இறங்கிவிடும் என்பதால் ஒரே தடித்த கோட்டை நம்பாமல் அடுக்கடுக்காக உடுத்துங்கள். ஒன்பது மணிக்கு மேல் ஒவ்வொன்றாகக் கழற்ற வேண்டி வரும்.

நமக்கு மழை பெய்தே ஊருணி நிறைவதில்லை. மழையே காணாத பாலைவனத்தில் இவ்வளவு நீர் எங்கிருந்து வருகிறது? அது ஏன் பீறிட வேண்டும்? பகலில் போய்ப் பார்த்தால் என்ன?
(வாசகர், தேவகோட்டை)

ஊருணியை வைத்துக் கேட்டதால் விளக்குவது எளிதாயிற்று. ஊருணிக்கு வரத்துக்கால் எங்கிருந்தோ நீர் கொண்டுவருவதைப்போல, கிழக்கே பொலிவிய எல்லையை ஒட்டிய உயர்ந்த மலைகளில் விழும் மழையும் பனியும் பாறைக்குள் இறங்கி, பூமிக்கடியிலேயே இந்தத் திடலை நோக்கி வருகின்றன. வழியில் எரிமலைப் பகுதியின் சூட்டை வாங்கிக்கொள்ளும் நீர், ஆழத்தில் 200 டிகிரிக்கும் மேல் சூடேறி நிற்கிறது. மேலேயுள்ள நீரின் எடை அழுத்துவதால் அங்கே அது கொதிக்க முடியாது. குக்கருக்குள் நடப்பது இதுதான். குறுகலான பிளவு வழியே மேலே வரும்போது மேல்மட்ட நீர் கொஞ்சம் வழிந்து அழுத்தம் குறைந்தாலும் போதும், கீழே உள்ளது நொடியில் ஆவியாகி, தனக்கு மேலுள்ள நீரையும் தள்ளிக்கொண்டு வெளியே பாய்கிறது. குளியலறைக் கருவிக்கு நாம் சொல்லும் கீசர் என்ற பெயர் இத்தகைய ஊற்றினுடையதுதான். ஐஸ்லாந்திலிருந்து வந்த சொல்.

எல் தாத்தியோவில் இப்படி ஏறத்தாழ 80 ஊற்றுகள் உண்டு. தென்னரைக் கோளத்தில் இதுவே மிகப் பெரிய திடல். ஆனால் நீர் வானளாவ எழும் என்று எண்ணிப் போனால் ஏமாறுவீர்கள். பெரும்பாலானவை ஒரு மீட்டர்கூட எழுவதில்லை. உயர்ந்து நிற்பது ஆவிதான். ஆவி கண்ணுக்குத் தெரியாது. குளிர்ந்து நுண்துளிகளானால்தான் வெண்புகையாகத் தெரியும். விடியற்குளிரில் தூண்தூணாக நிற்கும் அது, வெயில் ஏறியதும் மெலிந்துவிடுகிறது. உங்களைத் தூக்கத்திலிருந்து எழுப்பிக் கூட்டிப்போவதன் காரணம் அதுவே.

என்னைக் கட்டிப்போட்டது ஒரு சிறு ஊற்றின் விளிம்பு. தளதளவென்று கொதிக்கும் நீரிலிருந்து ஒரு சாண் தள்ளி, தெறித்த துளிகள் பனிக்கட்டியாக உறைந்து கிடந்தன. அந்த உயரத்தில் நீர் ஏறத்தாழ 86 டிகிரியிலேயே கொதித்துவிடும்; துவரம்பருப்பு வேக வெகுநேரம் பிடிக்கும். அதற்காகக் கிட்டே போய்விடாதீர்கள். ஊற்றைச் சுற்றிப் படிந்திருக்கும் வெண்மையான சிலிக்கா மேலோடு பல இடங்களில் மெல்லியது. எல்லை தாண்டி விழுந்து உயிரிழந்தவர்கள் உண்டு. கஸ்பானா, தோகோன்சே என்னும் பழங்குடி ஊர்களைச் சேர்ந்தவர்களே திடலைப் பராமரித்துக் கட்டணம் வாங்குகிறார்கள். 2009-இல் புவிவெப்ப மின்சாரத்துக்காகத் துளையிட்ட கிணறு ஒன்று கட்டுமீறி 60 மீட்டர் உயரத்துக்கு ஆவியைக் கக்கி, திட்டமே நின்றுபோனது. அதற்குப் பிறகு அவர்கள் கெடுபிடியாக இருப்பதில் எனக்கு வியப்பில்லை.

சைவம் சாப்பிடுபவர்களுக்கு வழி உண்டா? சீடை, பொடி கொண்டு போகலாமா?
(வாசகி, பள்ளத்தூர்)

திடலில் வேன்காரர்களே ரொட்டி, பாலாடைக்கட்டி, தேநீர் தருவார்கள். திரும்பும் வழியில் மச்சூகா என்னும் சிற்றூரில் லாமா இறைச்சியைக் கம்பியில் கோத்துச் சுடும் புகைக்கு நடுவே, பாலாடைக்கட்டி வைத்துப் பொரித்த எம்பனாதாவும் கிடைக்கும். பார்வைக்கு நம் சோமாசிதான். சீடை, பொடி எதுவானாலும் விமான நிலையப் படிவத்தில் மறைக்காமல் குறிப்பிடுங்கள். தாவர, விலங்குப் பொருள்களில் சிலி மிகக் கண்டிப்பான நாடு. மறைத்தால் அபராதம் விதிப்பார்கள்.

நான் கல்லூரி மாணவன். சிலிக்குப் போக வசதியில்லை. நம் நாட்டில் இதுபோன்ற இடம் உண்டா?
(வாசகர், காரைக்குடி)

உண்டு. லடாக்கில் புகா பள்ளத்தாக்கு ஏறத்தாழ 4,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அதுவும் குளிர்ந்த உயர்நிலப் பாலைவனமே. கந்தக வாடையும் தரையில் பூத்த வெண்காரமும் கொதித்துக் குமிழியிடும் நீருமாக, எல் தாத்தியோவின் தம்பி என்று சொல்லலாம். ஆனால் எண்பது ஊற்றுகளை எதிர்பார்க்காதீர்கள். லே நகரமே 3,500 மீட்டர் என்பதால், விமானத்தில் இறங்கினால் முதல் இரண்டு நாள் அறையிலேயே ஓய்வெடுத்துக்கொள்ளுங்கள். சுமதாங் வெந்நீரூற்றைப் பார்த்துவிட்டு, சோ மோரிரி ஏரிக்குப் போகும் வழியில் சாலையிலிருந்து சற்றே விலகிப் போனால் புகா வந்துவிடும். லேயிலிருந்து ஒரே நாளில் போய்த் திரும்புவதாகச் சில ஓட்டுநர்கள் சொல்வார்கள். ஒத்துக்கொள்ளாமல் ஏரிக்கரையில் ஓர் இரவு தங்கும்படி திட்டமிடுங்கள்.