ஷிராசி சாலட் தண்ணீர் விட்டால்

காலையிலேயே நறுக்கி, உப்பும் எலுமிச்சையும் கலந்து வைத்த ஷிராசி சாலட் (வெள்ளரி, தக்காளி, வெங்காயம் சேர்ந்த ஈரானியச் சாலட்) மாலை விருந்துக்குள் குளமாகிவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். காரணம் உப்புதான். வெள்ளரியிலும் தக்காளியிலும் இருக்கும் நீரை அது வெளியே இழுத்துவிடும். அதனால் காய்களை முன்கூட்டியே நறுக்கினாலும் உப்பு, புளிப்பு இரண்டையும் பரிமாறும் நேரத்தில்தான் சேர்க்க வேண்டும்.

தக்காளி கெட்டியாக இருக்கட்டும்; விதையும் சாறும் உள்ள நடுப்பகுதியை எடுத்துவிடுங்கள். வெள்ளரி விதை சிறிதாக உள்ள பிஞ்சாக இருந்தால் நல்லது. வெள்ளரி, தக்காளி, வெங்காயம் மூன்றையும் ஒரே அளவில், மாதுளை முத்து அளவுக்குப் பொடியாக நறுக்குங்கள். இதில் மட்டும் அவசரப்படாதீர்கள், ஒவ்வொரு கரண்டியிலும் எல்லாமே வரவேண்டும் என்பதுதான் இந்தச் சாலட்டின் அழகு.

பச்சைப் புதினாவைவிடக் காய்ந்த புதினாதான் இதற்குப் பொருத்தம். உள்ளங்கையில் கசக்கித் தூவுங்கள், மணம் எழும். ஈரானில் பலர் எலுமிச்சைக்குப் பதில் ஆப்கூரே என்னும் பழுக்காத திராட்சைச் சாறு ஊற்றுவார்கள். கிடைத்தால் விடாதீர்கள், அந்தப் புளிப்பே தனி. ஆலிவ் எண்ணெய் கொஞ்சம் போதும்.

அப்புறம், அடியில் ஊறும் அந்தச் சிறிது சாற்றைக் கொட்டிவிடாதீர்கள். கபாப் சோற்றின் மேல் ஊற்றிச் சாப்பிட்டுப் பாருங்கள்.