லென்ஸ் விலகிய குழந்தைக்கு ஆபரேஷனுக்கு முன் ஓர் இரத்தப் பரிசோதனை

கேள்வி: என் மகனுக்கு 11 வயது. வயதுக்கு மீறிய உயரம், ஒல்லியான உடம்பு, நீளமான விரல்கள். பார்வை மங்குகிறது என்று கண் டாக்டரிடம் காட்டினோம். இரண்டு கண்ணிலும் லென்ஸ் விலகியிருக்கிறது, மார்ஃபன் நோயாக இருக்கலாம், மரபணுச் சோதனையும் லென்ஸ் ஆபரேஷனும் தேவைப்படும் என்றார். எனக்கும் கணவருக்கும் இப்படி எதுவும் இல்லை. இவனுக்கு மட்டும் எப்படி வந்தது? இது என்சைம் குறைபாடுதான், வைட்டமின் சியும் கொலாஜன் பவுடரும் கொடுத்தால் சரியாகும் என்கிறார் என் நாத்தனார். கொடுக்கலாமா? 6 வயது மகளையும் சோதிக்க வேண்டுமா?

பதில்: மரபணு முடிவு வருவதற்குப் பல வாரங்கள் ஆகலாம். அதற்காகக் காத்திருக்காமல் இரண்டு பரிசோதனைகளை இப்போதே செய்துவிடுங்கள். ஒன்று, இதயத்துக்கு எக்கோ. இன்னொன்று, இரத்தத்தில் ஹோமோசிஸ்டீன் என்ற அமினோ அமிலத்தின் அளவு. இந்த இரண்டாவது முடிவைப் பார்க்காமல் லென்ஸ் ஆபரேஷனுக்கு நாள் குறிக்க வேண்டாம்.

காரணம் இதுதான். உயரம், நீண்ட விரல், லென்ஸ் விலகல் என்று பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும் நோய்கள் இரண்டு உண்டு. மார்ஃபன் நோயில் கோளாறு எஃப்பிஎன்1 என்ற மரபணுவில். அது உருவாக்கும் ஃபைப்ரிலின் என்ற புரதம்தான் கண் லென்ஸைப் பிடித்து நிறுத்தும் மெல்லிய இழைகளுக்கு ஆதாரம். இதயத்திலிருந்து கிளம்பும் பெருந்தமனியின் சுவருக்கும் அதுவே பலம். ஹோமோசிஸ்டினூரியா என்ற இன்னொரு நோயில் ஃபைப்ரிலின் மரபணு நன்றாகவே இருக்கும். சிபிஎஸ் என்ற மரபணு தயாரிக்கும் என்சைம் வேலை செய்யாது. ஹோமோசிஸ்டீனை வேறு பொருளாக மாற்றுவது அதன் பொறுப்பு. அது நடக்காமல் இரத்தத்தில் ஹோமோசிஸ்டீன் குவிகிறது, அதிலிருந்து உருவாக வேண்டிய சிஸ்டீன் என்ற அமினோ அமிலம் குறைகிறது. ஃபைப்ரிலினோ சிஸ்டீனை நம்பி மடிந்து நிற்கும் புரதம். அதனால்தான் அதே இழைகள் பலமிழக்கின்றன என்று கருதப்படுகிறது.

உங்கள் மகனைப் பொறுத்தவரை இந்த வித்தியாசம் மிகப் பெரியது. ஹோமோசிஸ்டீன் அதிகமாக இருந்தால் இரத்தம் எளிதில் உறையும். ஆபரேஷன், மயக்க மருந்து, நீர்ச்சத்துக் குறைவு எல்லாம் அந்த ஆபத்தைக் கூட்டும். மயக்க மருந்து நிபுணர் நைட்ரஸ் ஆக்சைடைத் தவிர்க்க வேண்டியிருக்கும். அதைவிட முக்கியம், இதற்குச் சிகிச்சை இருக்கிறது. அந்த என்சைமுக்குத் துணை நிற்பது வைட்டமின் பி6. ஏறக்குறைய பாதி நோயாளிகளுக்கு அதை மருந்தளவில் கொடுத்தாலே ஹோமோசிஸ்டீன் இறங்கும். மற்றவர்களுக்கு, ஹோமோசிஸ்டீனாக மாறும் மெத்தியோனின் என்ற அமினோ அமிலம் குறைந்த உணவுத் திட்டமும் பீட்டெய்ன் மருந்தும் உண்டு. கையில் மருந்து இருக்கும் ஒரு நோயை இன்னொரு நோயின் பெயரில் விட்டுவிடுவது எனக்குத் தாங்க முடியாத விஷயம், அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். ஹோமோசிஸ்டினூரியா சிலருக்கு அறிவு வளர்ச்சியையும் பாதிக்கும்; அதற்காக, மகன் படிப்பில் சுட்டி என்றால் இது இருக்காது என்றும் நினைக்க வேண்டாம். மார்ஃபனில் லென்ஸ் பெரும்பாலும் மேலே நகரும், இதில் கீழே நகரும் என்பார்கள். அதை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது.

மகன் இப்போது மல்டிவைட்டமின் சாப்பிடுகிறான் என்றால் டாக்டரிடம் சொல்லுங்கள். அதிலுள்ள பி6, ஹோமோசிஸ்டீன் அளவைத் தணித்து நோயை மறைத்துவிடக்கூடும். எடுத்த இரத்தத்தைக் குளிரில் வைத்து உடனே பிரிக்க வேண்டும், இல்லாவிட்டால் அளவு பொய்யாக ஏறும்.

சரி, நாத்தனார் சொன்னதற்கு வருவோம். அவர் சொன்னதில் ஒரு பகுதி உண்மை. தோல், எலும்பு, மூட்டுகளின் இழைப் புரதமான கொலாஜனை உறுதியாக்கும் புரோலைல் ஹைட்ராக்சிலேஸ், லைசில் ஹைட்ராக்சிலேஸ் ஆகிய என்சைம்களுக்கு வைட்டமின் சி தேவை. அது கிடைக்காவிட்டால் ஈறுகளில் இரத்தம் கசியும் ஸ்கர்வி நோய் வரும். இழைகளை ஒன்றோடொன்று கோக்கும் லைசில் ஆக்சிடேஸுக்குத் தாமிரம் தேவை. பிஎல்ஓடி1 மரபணு பழுதாகி லைசில் ஹைட்ராக்சிலேஸ் குறைந்தால், குழந்தை தளர்ந்த தசையோடும் வளையும் முதுகெலும்போடும் பிறக்கும் ஒருவகை எலர்ஸ்-டான்லோஸ் என்ற இணைப்புத்திசு நோய் வரும். நீங்கள் எழுதியிருப்பது அந்தப் படம் இல்லை. மார்ஃபன் என்றால், எவ்வளவு வைட்டமின் சி கொடுத்தாலும் எஃப்பிஎன்1 எழுத்துப்பிழை மாறாது. கொலாஜன் பவுடர் வயிற்றில் அமினோ அமிலங்களாகவும் சின்னத் துண்டுகளாகவும் உடைந்துவிடும்; உடல் அவற்றை மறுபடி கோப்பது தன் மரபணு சொல்லும் வரிசையில்தான். இரண்டும் வேண்டாம்.

எங்களுக்கு இல்லாதது இவனுக்கு எப்படி என்று கேட்டீர்கள். என்சைம் பாதி அளவு இருந்தாலே உடலுக்குப் பொதுவாகப் போதும். அதனால் என்சைம் கோளாறுகள் பெரும்பாலும் அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் அந்த மரபணுவின் பழுதான பிரதி வந்தால்தான் வெளிப்படும். பெற்றோர் நலமாகவே இருப்பார்கள். பெற்றோர் நெருங்கிய இரத்த உறவினர் என்றால் வாய்ப்பு கூடுகிறது. இழைப் புரதங்களின் கணக்கு வேறு. கொலாஜன் முப்புரிக் கயிறு மாதிரி. ஒரு புரி பழுதானாலும் கயிறு கெடும். மூன்றாம் வகைக் கொலாஜனில் மூன்று புரிகளும் ஒரே மரபணுவிலிருந்து வருகின்றன. ஒரு பிரதி பழுதானால் முழுக்க நல்ல புரிகளால் ஆன கயிறு எட்டில் ஒன்றுதான் தேறும். இரத்தக்குழாய் கிழியும் வகை எலர்ஸ்-டான்லோஸ் இப்படித்தான் வருகிறது. ஃபைப்ரிலினிலும் ஒரே ஒரு பழுதான பிரதி போதும். மார்ஃபன் உள்ளவர்களில் சுமார் நான்கில் ஒருவருக்கு அது புதிதாகத் தோன்றிய மாற்றம், பெற்றோரிடம் இருக்காது. ஆனால் வெளியே தெரியாத அளவு லேசாகவும் இருக்கலாம் என்பதால், மகனுக்கு உறுதியானால் நீங்கள் இருவரும் கண்ணையும் எக்கோவையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

எக்கோவில் பெருந்தமனியின் வேர் விரிந்திருந்தால், லென்ஸ் விலகலோடு சேர்த்து, மார்ஃபனைக் கண்டறிய மருத்துவர்கள் பயன்படுத்தும் 2010 வரையறைப்படி அதுவே மார்ஃபன் என்று சொல்லப் போதுமானது, ஹோமோசிஸ்டினூரியா போன்றவை விலக்கப்பட்டிருந்தால். தமனி மேலும் விரிவதைக் குறைக்க பீட்டா பிளாக்கர் அல்லது லோசார்டன் என்ற மருந்தைத் தொடங்குவார்கள். எக்கோ இயல்பாக இருந்தாலும் ஒருமுறையோடு நிறுத்தக் கூடாது, தமனி பின்னாளில் விரியலாம். முடிவு தெரியும்வரை மோதல் விளையாட்டும் பளு தூக்குவதும் வேண்டாம். காய்ச்சலுக்கோ தொற்றுக்கோ டாக்டரிடம் போகும்போது மார்ஃபன் சந்தேகத்தைச் சொல்லுங்கள்; சிப்ரோஃப்ளாக்சசின் போன்ற ஃப்ளூரோகுயினலோன் வகை ஆன்டிபயாடிக் மருந்துகள் பெருந்தமனி கிழியும் ஆபத்தைக் கூட்டலாம் என்பதால் மார்ஃபன் நோயாளிகளுக்குத் தவிர்க்கும்படி அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2018இல் எச்சரித்திருக்கிறது.

மரபணுச் சோதனையும் செய்யுங்கள். எஃப்பிஎன்1 மட்டும் பார்க்காமல், மார்ஃபன் போன்ற நோயைத் தரும் டிஜிஎஃப்பிஆர்1, டிஜிஎஃப்பிஆர்2 மரபணுக்கள், சிபிஎஸ், லென்ஸை மட்டும் தாக்கும் அடம்டிஎஸ்எல்4 எல்லாம் சேர்ந்த தொகுப்பா என்று கேளுங்கள். அறிக்கையில் பொருள் தெளிவாகாத மாற்றம் என்று வந்தால் நோய் உறுதி என்று அர்த்தமில்லை. மரபணு ஆலோசகரிடம் போய் உட்கார்ந்து பேசுங்கள்.

மகளின் விஷயம் மகனின் ஹோமோசிஸ்டீன் முடிவைப் பொறுத்தது. அது உயர்ந்திருந்தால் அவளுக்கும் வர 25 சதவீத வாய்ப்பு. அறிகுறி எதுவும் இல்லாவிட்டாலும் அதே வாரம் அவள் இரத்தத்தையும் கொடுங்கள், லென்ஸ் நகருமுன் சிகிச்சை தொடங்கிவிடலாம். மார்ஃபன் என்று உறுதியானால், மகனிடம் கண்ட அதே மாற்றம் அவளிடம் இருக்கிறதா என்று மட்டும் தேடினால் போதும். உங்கள் இருவரிடமும் அது இல்லையென்றால் அவளுக்கு இருக்கும் வாய்ப்பு மிகக் குறைவு, ஆனாலும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.