நாடகம் மறுபடி ஓடுகிறது, எழுதியவருக்குப் பங்கு உண்டா?

கேள்வி: 2013இல் உள்ளூர்த் தயாரிப்பு நிறுவனம் ஒன்றின் தொலைக்காட்சி நாடகத்துக்குத் திரைக்கதை, வசனம் எழுதினேன். அங்கே நான் ஊழியர் இல்லை. எபிசோடுக்கு இத்தனை வெள்ளி என்று பில் அனுப்பிப் பணம் வாங்கினேன். இப்போது அந்த நாடகம் சந்தா கட்டிப் பார்க்கும் ஓடிடி தளம் ஒன்றில் ஓடுகிறது. எனக்கு ஏதாவது வருமா? - ஈசூன் வாசகி

பதில்: வர வேண்டும் என்பதுதான் என் ஆசையும். ஆனால் மறுபடி ஓடினால் எழுத்தாளருக்கு மறுபடி பணம் என்று சிங்கப்பூர்ச் சட்டம் தானாக எதுவும் தருவதில்லை. தமிழ்நாட்டுப் பாடலாசிரியர்களுக்கு ராயல்டி உண்டே என்று கேட்பீர்கள். 2012இல் இந்தியா தன் சட்டத்தைத் திருத்தியது. படத்தில் இடம்பெற்ற பாட்டு திரையரங்குக்கு வெளியே பயன்பட்டால், அந்த ராயல்டியில் தனக்குள்ள சமபங்கை எழுதியவரே நினைத்தாலும் தயாரிப்பாளருக்கு விட்டுக்கொடுக்க முடியாது. அமெரிக்காவில் மறுபடி ஓடினால் எழுத்தாளருக்குப் பணம் என்பது சட்டமல்ல, எழுத்தாளர் சங்கம் போட்ட ஒப்பந்தம். 2023இல் 148 நாள் வேலைநிறுத்தம் செய்து அதை மேம்படுத்திக்கொண்டார்கள். நம் ஊரில் அப்படி ஒரு சங்கம் இல்லாதது என் நெடுநாள் வருத்தம்.

ஆகவே எல்லாம் நீங்கள் கையெழுத்திட்ட காகிதத்தில்தான் இருக்கிறது. ஊழியராக எழுதியிருந்தால் பதிப்புரிமை முதலாளிக்கு. நீங்கள் தனியாளாக எழுதியதால் எழுத்தின் பதிப்புரிமை முதலில் உங்களுடையது. அதை மாற்றிக் கொடுக்க எழுத்தும் உங்கள் கையெழுத்தும் வேண்டும். பில்லும் வாட்ஸ்அப் 'ஓகே'யும் போதாது. 'எல்லா உரிமைகளும் நிறுவனத்துக்கே' என்ற வரியின் கீழ் கையெழுத்துப் போட்டிருந்தால், மன்னிக்கவும், கதை அத்தோடு முடிந்தது.

அப்படி ஒன்றும் இல்லையா? நிறுவனம் சும்மா இருக்காது. 'பணம் வாங்கியபோதே ஒளிபரப்ப அனுமதி கொடுத்துவிட்டார்' என்று வாதிடும். ஒளிபரப்பு வரைக்கும் அது சரிதான். டிவிக்கென்று கேட்டு வாங்கிய எழுத்தை ஓடிடிக்கும் விற்கலாமா என்பதில்தான் உங்களுக்குப் பிடி கிடைக்கும். அன்றைய மின்னஞ்சல்களில் 'தொலைக்காட்சி' என்ற சொல் எங்கெல்லாம் வருகிறது என்று தேடிப் பாருங்கள்.

கிடைத்தால், உரிமக் கட்டணம் கேட்டு நிறுவனத்துக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். பெரும்பாலும் பேசித் தீர்ப்பதே லாபம். பதிப்புரிமை மீறலுக்குச் சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றம் போக முடியாது; உயர் நீதிமன்றத்தில் வக்கீல் செலவு நீங்கள் வாங்கிய சம்பளத்தையே தாண்டிவிடும். வழக்குப் போட ஆறு ஆண்டு காலக்கெடு உண்டு என்பதால், நாடகம் எந்தத் தேதியில் அந்தத் தளத்துக்கு வந்தது என்பதை இன்றே ஸ்கிரீன்ஷாட்டோடு குறித்து வையுங்கள்.