வண்டிக் குதிரைக்கு அப்பச்சோடா கொடுப்பது ஏன் குற்றம்?

“ஓட்டவீரர் ஒருவர் போட்டிக்கு முன் அப்பச்சோடா கரைத்துக் குடிப்பது குற்றமல்ல என்றால், ஹார்னஸ் பந்தயக் குதிரைக்கு அதையே கொடுத்தால் மட்டும் பயிற்றுநரைத் தண்டிப்பது ஏன்? கொடுத்ததை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?” என்று இங்கே கேட்கப்பட்டிருக்கிறது. நான் கல்முனையில் இரத்தப் பரிசோதனை ஆய்வுகூடம் ஒன்றில் வேலை செய்பவன். பந்தயப் பிரியன் அல்லன். மெல்பேணுக்கு மேற்கே மெல்டனில், ஹார்னஸ் பந்தயத் திடல் உள்ள ஊரில், என் மச்சான் குடியிருக்கிறார். அங்கே ஏதேனும் ஒரு குதிரை பிடிபட்டால் விளக்கம் கேட்டு எனக்குத்தான் அழைப்பு எடுப்பார் என்பதால் இந்த விடயத்தை ஓரளவு தேடிப் படித்திருக்கிறேன்.

இப்பந்தயத்தில் குதிரையின் முதுகில் எவரும் ஏறுவதில்லை. ஸ்டாண்டர்ட்பிரெட் இனக் குதிரை, சாரதி அமர்ந்திருக்கும் இலகுவான இரு சக்கர வண்டியை இழுத்துக்கொண்டு, நாலுகால் பாய்ச்சலுக்கு மாறாமல் ஒரே நடையில் ஓட வேண்டும். ஒரு மைல், அதாவது 1609 மீற்றர், ஓடி முடிக்க ஏறத்தாழ இரண்டு நிமிடங்கள் ஆகும். தசைகளில் அமிலம் சேர்ந்து கால்கள் தளர்வதற்கு அந்த நேரம் போதுமானது. இரத்தத்தில் இருகாபனேற்று, அதாவது அப்பச்சோடாவிலுள்ள, அமிலத்தை முறிக்கும் பொருள், கூடுதலாக இருந்தால் தசையிலுள்ள அமிலம் விரைவாக வெளியேறும், களைப்பு பிந்தி வரும் என்பதே அப்பச்சோடா கொடுப்பவர்களின் கணக்கு. பந்தய வட்டாரத்தில் இந்தக் கலவைக்கு ‘மில்க் ஷேக்’ என்று பெயர். பால் அதில் ஒரு துளியும் இல்லை.

மனிதருக்கான உலக ஊக்கமருந்துத் தடைப் பட்டியலில் அப்பச்சோடா இல்லை என்பது சரிதான். ஆனால் ஓட்டவீரர் தன் விருப்பத்தில் குடிக்கிறார், வயிறு குழம்பினால் அவரே அனுபவிக்கிறார். குதிரைக்கோ மூக்கு வழியாக இரைப்பை வரை குழாய் செலுத்தி, சில நூறு கிராம் சோடாவைச் சீனியும் நீரும் கலந்து உள்ளே ஊற்றுகிறார்கள். அவசரத்திலோ அனுபவமின்மையாலோ அந்தக் குழாய் மூச்சுக்குழாய்க்குள் போய்விட்டால் நுரையீரலுக்குள் கலவை இறங்கிக் குதிரை செத்துப்போகலாம். சரியாகவே இரைப்பைக்குள் போனாலும், குதிரையால் வாந்தி எடுக்க முடியாது என்பதால், உள்ளே போனது போனதுதான். இவ்வளவும் செய்து வேகம் உண்மையில் கூடுகிறதா என்றால், ஆய்வுகளின் முடிவுகள் ஒன்றுபோல இல்லை. பந்தயம் கட்டுவோரை ஏமாற்றுவது குற்றம் என்ற வாதமும் உண்டு. என் பார்வையில் குதிரைக்கு நேரும் தீங்கே முதற்காரணம்.

இருகாபனேற்று எந்தக் குதிரையின் இரத்தத்திலும் இயல்பாகவே இருப்பதால், அது இருக்கிறதா இல்லையா என்று பார்ப்பதில் பயனில்லை. எவ்வளவு இருக்கிறது என்றுதான் பார்க்க வேண்டும். அதற்கு அளப்பது மொத்தக் காபனீரொட்சைட்டை; அதில் பெரும்பகுதி இருகாபனேற்றுத்தான். இளைப்பாறும் குதிரையில் அது லீற்றருக்கு 30 மில்லிமோல் அளவை ஒட்டியே இருக்கும். அவுஸ்திரேலியாவில் எல்லை 36. அளவீட்டின் ஐயத்துக்காக மேலும் ஒன்றை விட்டுக்கொடுத்து, 37ஐத் தாண்டினால்தான் நடவடிக்கை எடுக்கிறார்கள். சிறுநீரக நோயாளிக்கும், சலரோகம் முற்றி மயங்கி வருபவருக்கும் நாங்கள் அளப்பதும் இதே மொத்தக் காபனீரொட்சைட்டைத்தான். ஓட்டத்துக்கு முன்பே கழுத்து நாளத்திலிருந்து இரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் இட்ட வெற்றிடக் குழாயில் இரத்தம் எடுத்து, மூடியைத் திறக்காமல் குளிரில் வைத்து அனுப்புகிறார்கள். மூடி திறந்து கிடந்தாலோ மாதிரி நாட்கணக்கில் கிடந்தாலோ வாயு வெளியேறி அளவு குறையுமே தவிரக் கூடாது. ஆகவே, தாமதத்தால்தான் தன் குதிரையின் அளவு உயர்ந்தது என்று ஒரு பயிற்றுநர் வாதாடினால் எனக்குச் சிரிப்புத்தான் வரும்.

மற்ற மருந்துகளுக்கு ஓட்டம் முடிந்தபின் சிறுநீர் எடுக்கிறார்கள். நீண்ட கோலின் முனையில் கிண்ணத்தைப் பொருத்தி, ஊழியர் மெல்ல விசில் அடித்துக்கொண்டு குதிரையின் பக்கத்தில் காத்து நிற்பார். விசிலுக்குச் சிறுநீர் கழிக்கப் பழக்கப்பட்ட குதிரைகள் உண்டு. மாதிரியை இரண்டாகப் பிரித்து, பயிற்றுநரின் ஆள் பார்த்திருக்க முத்திரை வைத்து, ஒன்றை மறுபரிசோதனைக்கு ஒதுக்குகிறார்கள். சிவப்பணுக்களைக் கூட்டும் நோக்கில் கொடுக்கப்படும் கோபால்ற்று என்ற உலோகத்துக்கும் எல்லை உண்டு. அது பி12 உயிர்ச்சத்தில் இருப்பதால் முற்றாகத் தடுக்க முடியாது. மருந்தை யார் கொடுத்தார் என்று நிரூபிக்க முடியாவிட்டாலும் பயிற்றுநரே பொறுப்பு. கடுமையான விதிதான், மருந்து உட்கொள்ளும் பராமரிப்பாளர் வைக்கோலில் சிறுநீர் கழித்ததால் குதிரை மாட்டிக்கொள்ளவும் கூடும். ஆனாலும் இந்த விதி இல்லாவிட்டால் எவரையும் பிடிக்க முடியாது.

உண்மையான ஓட்டை ஆய்வுகூடத்தில் இல்லை, மாதிரி எடுக்கப்படும் குதிரையைத் தெரிவு செய்யும் கையில் இருக்கிறது. 2011இல் நியூ சவுத் வேல்ஸ் ஹார்னஸ் பந்தயத்தில் வெளிவந்த ‘பச்சை விளக்கு’ விவகாரம், எந்தக் குதிரைக்குப் பரிசோதனை இல்லை என்பதைப் பந்தய அதிகாரிகளே முன்கூட்டிச் சொல்லிக் கொடுத்தார்கள் என்பதுதான். சிவப்பணுக்களைப் பெருக்கும் ஈபிஓ போன்றவற்றில் சிக்கல் வேறு: மருந்து சில நாட்களில் மறைந்துவிடும், பலன் வாரக்கணக்கில் நிற்கும். அதற்குப் பந்தய நாளில் எடுக்கும் மாதிரி போதாது. முன்னறிவித்தல் இன்றித் தொழுவத்துக்கே போக வேண்டும். 2020 மார்ச்சில் அமெரிக்க அரசு பயிற்றுநர்கள், மிருக வைத்தியர்கள் எனப் பலர் மீது வழக்குத் தொடர்ந்தபோது, அவர்களில் ஹார்னஸ் பயிற்றுநர்களும் இருந்தார்கள்; பரிசோதனையில் தென்படாத மருந்துகளை விற்ற மிருக வைத்தியர் சேத் ஃபிஷ்மனுக்கு 2022இல் 11 ஆண்டுச் சிறை கிடைத்தது. அப்படியிருந்தும் 2020 இறுதியில் அங்கே வந்த தேசியச் சட்டம், முதுகில் ஏறி ஓட்டும் தறோபிரெட் இனக் குதிரைகளின் பந்தயத்தையே கட்டுப்படுத்துகிறது; ஹார்னஸ் பந்தயம் அதற்குள் தானாக வருவதில்லை, மாநிலப் பந்தய ஆணைக்குழுவோ அந்தக் குதிரை இனத்துக்கான அமைப்போ விரும்பினால்தான் சேர்க்கலாம். எனக்கு அது புரியவில்லை.

“என் குதிரைக்கு இயல்பாகவே அளவு கூடுதல்” என்று சொல்பவருக்கும் வழி இருக்கிறது. வட அமெரிக்காவில் சில இடங்களில், பயிற்றுநரின் செலவிலேயே குதிரையைச் சில நாட்கள் காவலில் வைத்து, எவரும் குழாயோடு நெருங்காதபடி பார்த்துக்கொண்டு, மறுபடியும் இரத்தம் எடுத்துப் பார்க்கிறார்கள்.