கேள்வி – பதில்: 'போர்ட்' என்ற சொல்லுக்கு எத்தனை வேர்கள்?

கேள்வி: திருகோணமலைத் துறைமுகத்தை ஆங்கிலத்தில் 'போர்ட்' என்கிறோம். கணினியில் வயர் செருகும் துளையும் போர்ட், கப்பலின் இடப்பக்கமும் போர்ட், ஒருவகை வைனும் போர்ட். பாஸ்போர்ட், எக்ஸ்போர்ட், சப்போர்ட் என்று இன்னும் பல சொற்களில் இதே ஒலி வருகிறது. இவையெல்லாம் ஒரே சொல்லா என்று என் மாணவர்கள் கேட்கிறார்கள். விளக்குவீர்களா? (ஆங்கில ஆசிரியை, உவர்மலை)

பதில்: மாணவர்களின் ஐயம் நியாயமானது. இவை ஒரே சொல் அல்ல. இலத்தீனில் தனித்தனியே வழங்கிய மூன்று சொற்கள், பெரும்பாலும் பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து சேர்ந்தபோது, ஈறு தேய்ந்து ஒன்றுபோல் ஒலிக்கத் தொடங்கின. கப்பல் வந்து தங்கும் இடம் 'போர்ட்டுஸ்'. மதிலில் அமைந்த வாயில் 'போர்ட்டா'. சுமந்து செல்லுதல் 'போர்ட்டாரே'. இன்னும் பின்னோக்கிப் போனால், கடந்து செல்லுதல் என்ற பொருளுடைய ஒரே இந்தோ-ஐரோப்பிய மூலத்தில் இம்மூன்றும் சென்று சேரும் என்பது மொழியியலாளர் கருத்து. ஆங்கிலத்தின் 'ஃபெரி'யும் அந்த மூலத்தின் வழிவந்ததே. 2009இல் பாலம் திறக்கப்படும்வரை கிண்ணியாவுக்குப் போக நாம் ஏறிய 'பாதை'யைத்தான் ஆங்கிலேயர் அப்படி அழைத்தனர்.

நம் துறைமுகத்தின் பெயர் 'போர்ட்டுஸ்' என்ற சொல்லின் நேர்வழி. வைனின் பெயரும் அதிலிருந்து வந்ததே. போர்த்துக்கலின் டூரோ ஆற்றுப் பள்ளத்தாக்கில் செய்யப்படும் அந்த வைன், ஆற்றின் முகத்திலுள்ள போர்ட்டோ நகரிலிருந்து கப்பலேறியதால் அந்நகரின் பெயரைப் பெற்றது. நகரின் பெயருக்குப் பொருளே துறைமுகம்தான். போர்த்துக்கல் என்ற நாட்டுப் பெயரும் 'போர்ட்டுஸ் காலே' என்ற பழைய துறைமுகப் பெயரிலிருந்து எழுந்தது. 1622இல் சுவாமிமலையில் கோணேசர் கோயிலை இடித்து, அதன் கற்களைக் கொண்டே கோட்டை கட்டிய போர்த்துக்கேயரை நம் ஊர் மறக்க முடியாது. அவர்கள் தங்கள் நாட்டின் பெயரிலேயே ஒரு துறைமுகத்தைச் சுமந்து வந்தவர்கள் என்பதை வரலாற்றுப் பாடத்தோடு சேர்த்துச் சொன்னால் மாணவர் மனத்தில் பதியும்.

இந்த வேரிலிருந்து கிளைத்தவற்றுள் எனக்கு மிகவும் பிடித்தது, வாய்ப்பைக் குறிக்கும் 'ஒப்போர்ச்சுனிட்டி'. துறைமுகத்தை நோக்கிக் கப்பலைச் செலுத்தும் சாதகமான காற்றைக் குறித்த இலத்தீன் சொல் அது. பாய்மரக் காலத்தில் காற்றின் அருமை கடலோடிக்குத்தான் தெரியும். வாடைக்காற்று வலுத்துவிட்டால் சோழமண்டலக் கரையில் நங்கூரமிட்ட கப்பல்களுக்கு ஒதுங்க இடமில்லை. பிரித்தானியக் கடற்படை திருகோணமலையைப் பெரிதாக மதித்ததற்கு இந்த மாரிகாலப் பாதுகாப்பு முக்கியமான காரணம். நல்ல காற்று கிடைத்து உள்துறைமுகத்துக்குள் நுழைந்துவிட்ட மாலுமி அடைந்த நிம்மதியே பிற்காலத்தில் எல்லா வகை வாய்ப்புக்கும் பெயராயிற்று.

வாயிலைக் குறித்த 'போர்ட்டா'வைப் புரிந்துகொள்ளப் பழைய போர்க்கப்பல் ஒன்றைப் பார்ப்பது நல்லது. பம்பாயில் தேக்கு மரத்தால் கட்டப்பட்டு 1817இல் நீரில் இறக்கப்பட்ட கப்பலொன்றுக்குப் பிரித்தானியர் நம் ஊரின் பெயரையே சூட்டினர். 'டிரிங்கோமலி' என்ற அந்தக் கப்பல் இங்கிலாந்தின் ஹாட்டில்பூலில் இன்றும் காட்சிக்கு உள்ளது. அதன் பக்கச் சுவரில் வரிசையாகச் சதுரத் திறப்புகள் உண்டு. பீரங்கியின் வாய் வெளியே நீள்வதற்காக அமைந்த இத்தகைய திறப்புக்குப் பெயர் 'போர்ட்'. மேல்விளிம்பில் கீல் பொருத்திய பலகை மூடியைக் கயிற்றால் இழுத்து உயர்த்தினால் திறப்பு வெளிப்படும். கடல் கொந்தளிக்கும்போது தண்ணீர் உள்ளே புகாதபடி மூடியை இறக்கிக் கட்டிவிடுவார்கள். உள்ளிருப்பது வெளியேறவும் வெளியிலிருப்பது உள்நுழையவும் உதவும் சிறு வாயில் என்ற இந்தக் கருத்தே பின்னர் நீராவி இயந்திரத்தின் துளைக்கும், நம் கணினியில் பென்டிரைவ் செருகும் இடத்துக்கும் வந்தது. இணையத் தொடர்பில் வரும் 'போர்ட்' கண்ணுக்கே தெரியாத, வெறும் எண்ணால் மட்டும் குறிக்கப்படும் வாயில்; 0 முதல் 65,535 வரை அதற்கு எண்கள் உண்டு.

மூன்றாவது வேர் எளிது. உள்ளே சுமந்து வருவது இம்போர்ட், வெளியே சுமந்து செல்வது எக்ஸ்போர்ட், கீழிருந்து தாங்குவது சப்போர்ட், செய்தியைத் திருப்பிச் சுமந்து வருவது ரிப்போர்ட். 'ஸ்போர்ட்' என்ற சொல்லும் இக்குடும்பத்தைச் சேர்ந்தது என்றால் பலர் வியப்பார்கள்: மனத்தை வேலையிலிருந்து அப்பால் கொண்டுபோவது என்ற பொருளுடைய பழைய பிரெஞ்சுச் சொல்லின் தலை தேய்ந்த வடிவம் அது. பாஸ்போர்ட்டை இதில் சேர்க்க வேண்டாம். அது துறைமுகத்தைக் கடந்து செல்ல அளித்த அனுமதி. நாம் வழங்கும் 'கடவுச்சீட்டு' அந்தக் கருத்தைச் சரியாகப் பிடித்திருக்கிறது.

கேள்வி: கப்பலின் இடப்பக்கம் போர்ட், வலப்பக்கம் ஸ்டார்போர்ட் என்று படித்தேன். வலப்பக்கத்துக்கும் ஏன் 'போர்ட்' வந்தது? (மாணவர், மூதூர்)

பதில்: தமிழ் எழுத்தில் இரண்டும் ஒன்றாகத் தெரிவதால் வந்த குழப்பம் இது. ஸ்டார்போர்ட்டின் இறுதியில் இருப்பது கரும்பலகையைக் குறிக்க நாம் சொல்லும் 'போர்ட்', அதாவது பலகை என்ற சொல். பழைய ஆங்கிலத்தில் அது கப்பலின் பக்கத்தையும் குறித்தது. சுக்கான் பின்புற நடுவுக்கு வருமுன், கப்பலைத் திருப்பும் பெரிய துடுப்பை வலப்பக்கத்தில் கட்டியிருந்தனர். ஆகவே அது திருப்பும் பக்கம் ஆயிற்று. அந்தத் துடுப்பு கரையோடு மோதி நசுங்காதிருக்க, இடப்பக்கத்தையே துறையோடு அணைத்துச் சரக்கு ஏற்றினர். அப்பக்கத்துக்கு முதலில் 'லார்போர்ட்' என்று பெயர். காற்றின் இரைச்சலில் கட்டளையிடும்போது லார்போர்ட்டும் ஸ்டார்போர்ட்டும் ஒன்றாகக் கேட்டு விபத்துக்கு இடமளித்ததால், 1844இல் பிரித்தானியக் கடற்படை 'லார்போர்ட்' என்ற சொல்லை விலக்கி, 'போர்ட்' என்றே சொல்ல வேண்டும் என ஆணையிட்டது. இரவில் துறைமுகத்துக்குள் வரும் கப்பலைக் கவனியுங்கள்: இடப்பக்கத்தில் சிவப்பு விளக்கும் வலப்பக்கத்தில் பச்சை விளக்கும் எரியும்.

கேள்வி: போர்ட்ரெயிட் என்னும் உருவப்படத்துக்கும் இச்சொற்களுக்கும் உறவுண்டா? (வாசகர், நிலாவெளி)

பதில்: இல்லை. அது வெளியே இழுத்தல் என்ற பொருளுடைய வேறொரு இலத்தீன் வினையிலிருந்து வந்தது. உருவத்தைக் கோடுகளால் இழுத்து வெளிக்கொணர்வதை அது குறித்தது. பங்கைக் குறிக்கும் 'போர்ஷன்' என்பதும் இக்குடும்பத்தைச் சேர்ந்ததன்று.